நூல் பிடித்துப் போனேன்... பாம்பில் போய் முடிந்தது!

சென்னையில் யாரிடமாவது ‘ஆர்.கே...’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். மீதியை அவரே பூர்த்தி செய்துவிடுவார். ‘ஆர்.கே.நகரா? மறுபடியும் இடைத்தேர்தலா?’ என்பார் ஒருவர். ‘ஆர்.கே.நாராயணா? மால்குடி?’ என்பார் கொஞ்சம் படித்தவர். ‘இல்லை சார், ஆர்.கே.பேட்டை’ என்று சொன்னால், ‘ஓ, ராணிப்பேட்டைக்குப் பக்கமா?’ என்று நம்மைத் திருத்தி அனுப்புவார்.

உண்மையில் ஆர்.கே.பேட்டை இருப்பது திருத்தணிக்கு மேற்கே, சோளிங்கருக்கு வடக்கே, ஆந்திர எல்லையிலிருந்து உரக்கத் தும்மினால் ‘சிரஞ்சீவ!’ என்று தெலுங்கில் ஆசீர்வாதம் வரும் தூரத்தில். முழுப் பெயர் ராமகிருஷ்ணராஜுபேட்டை. இதை முழுசாக எழுதினால் பஸ் போர்டில் டிரைவருக்கு ரோடு தெரியாது என்று இரண்டு எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லா. ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி வட்டாரம் சென்னை ராஜதானிக்... மன்னிக்கவும், சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஏப்ரல் 1 என்பதால் சந்தேகப்பட வேண்டாம், நிஜமாகவே வந்தது. இன்றைக்கு இது திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா தலைநகர். இன்றும் சந்தையில் பேரம் தெலுங்கில் தொடங்கித் தமிழில் படிகிறது.

இந்த ஊருக்கு நான் போனதற்குக் காரணம் ஒரு நண்பன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கெமிஸ்ட். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. நான் பி.காம். எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஃபார்முலா ‘டீ பிளஸ் வடை’ மட்டும்தான்.

ஒருநாள் அந்த ஃபார்முலாவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: “பிளாஸ்டிக்கில ஆன்டிபாடி பண்றாங்கடா. ரத்தத்துல ஆயிரம் பொருள் ஓடிக்கிட்டிருக்கும்போது, அதுல ஒண்ணே ஒண்ண மட்டும் தேடிப் பிடிக்கிற குட்டிக் குட்டி பாலிமர் உருண்டை. நானோ துகள்.”

“பிளாஸ்டிக்குக்கு எப்படிடா ஆள் அடையாளம் தெரியும்?” என்றேன். எங்கள் ஆபீஸ் வாசலில் இருக்கிற செக்யூரிட்டிக்கே தினமும் ஐ.டி. கார்டு காட்ட வேண்டியிருக்கிறது.

அவன் கொஞ்சம் யோசித்தான். “வாயால சொன்னா உனக்குப் புரியாது. ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வா. ஒரு சாயத் தொட்டியக் காட்டறேன்.”

* * *

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து திருத்தணி மின்சார ரயில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதிப் பெட்டி முருக பக்தர்கள். அரக்கோணம் தாண்டியதும் மொட்டைத் தலைகளின் சதவிகிதம் கூடுகிறது. திருத்தணியில் இறங்கினால் எதிரே மலை. வருடத்துக்கு 365 நாள் என்பதற்காக 365 படி என்கிறார்கள். லீப் வருடத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். நண்பன், “அந்த வருஷம் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் உக்காந்துக்கோ” என்றான்.

அங்கிருந்து டவுன் பஸ். இரண்டு பக்கமும் கரும்பு, நிலக்கடலை, மாந்தோப்பு. நடுநடுவே யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி பாறைக் குன்றுகள். ஊர் நெருங்க நெருங்க ஒரு சத்தம். முதலில் பஸ் எஞ்சின் என்று நினைத்தேன். பஸ் நின்றது, சத்தம் நிற்கவில்லை.

டக்கடி டக்கடி டக்கடி டக்கடி.

விசைத்தறி. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று இந்த வட்டாரம் முழுக்கத் தறிதான் சோறு. ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரும்வரை நீங்கள் பேசுவது உங்களுக்கே கேட்காது. கல்யாணமாகிப் பல வருடமானவர்கள் குடியிருக்க வசதியான ஊர் என்று நண்பனிடம் கத்திச் சொன்னேன். அவன் “அப்படியா, சாப்பிட்டுட்டுப் போலாம்” என்று பதில் கத்தினான்.

அவனுடைய சித்தப்பாவுக்கு நான்கு தறி. வீட்டின் முன் பாதி தறிக்கூடம், பின் பாதி குடித்தனம். என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ‘தம்பி எந்த ஊரு’ விசாரணை முடிந்ததும் நண்பன் விஷயத்துக்கு வந்தான். “சித்தப்பா, அந்தச் சாயக் கதையச் சொல்லுங்க. இவன் பி.காம்.”

பி.காம். என்பதை ‘பாவம்’ என்கிற தொனியில் சொன்னான்.

சித்தப்பா இரண்டு நூல் துண்டுகளை எடுத்துக் காட்டினார். ஒன்று பருத்தி, ஒன்று பாலியஸ்டர். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

“ரெண்டையும் ஒரே தொட்டியில போடு தம்பி. பருத்திக்குன்னு இருக்கிற சாயத்த ஊத்து. கல்லுப்பு போடு. சோடா போடு. பருத்தி அப்படியே இழுத்துக்கும். எத்தினி தண்ணியில அலசினாலும் போவாது. பாலியஸ்டர் இருக்குதே, அது தொடவே தொடாது. ஒரு அலசு அலசினா வெள்ள வெளேர்னு நிக்கும். அதுக்கு வேற சாயம், வேற சூடு.”

இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய காட்டன் சட்டைக்குச் சாயம் போட்டு எடுத்தால் சட்டை பூராவும் கருநீலம், தையல் மட்டும் வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும். சட்டை பருத்தி, தையல் நூல் பாலியஸ்டர். அவ்வளவுதான் ரகசியம்.

சாயத்துக்குக் கண் கிடையாது. ஆனால் பருத்தியின் உடம்பு முழுக்கக் கைப்பிடி மாதிரி சில அணுக் கூட்டங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சாயத்தின் ஒரு முனை அதைக் கப்பென்று பிடித்து நிரந்தரமாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பாலியஸ்டரில் அந்தக் கைப்பிடி இல்லை. பிடிமானம் இல்லாத இடத்தில் சாயம் என்ன செய்யும்? வாடகைக்கு வந்தவர் மாதிரி முதல் அலசலில் காலி செய்துவிடும். இந்த வகைச் சாயத்தை 1956-ல் ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் கம்பெனி முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது. பின்னாலேயே சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியும் ‘சிபாக்ரான்’ என்ற பெயரில் இறங்கியது.

“இதுதான் செலக்டிவ் பைண்டிங். ஆள் பாத்து ஒட்டுறது” என்றான் நண்பன். “இனிமே நான் சொல்றதக் கேளு.”

* * *

சிபாக்ரான் வரிசையில் ஒரு நீலம் உண்டு. துணிக்காகப் பிறந்த நீலம். அதை விஞ்ஞானிகள் வேறொரு காரியத்துக்கு எடுத்துப் போனார்கள். புரதங்களை அளவுவாரியாகச் சல்லடை மாதிரி பிரிக்கும் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் எது முதலில் வெளியே வருகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காக ஒரு பெரிய சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறில் இந்த நீலத்தை ஏற்றி, அடையாளத்துக்கு உள்ளே அனுப்புவார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டு போகிறவர் மாதிரி.

1968-ல் ஒரு கூத்து நடந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு என்சைம், அளவுப்படி பார்த்தால் பின்னால் வர வேண்டியது, கொடி பிடித்தவரோடு கைகோத்துக்கொண்டு முன்னாலேயே வந்து நின்றது. ஏன் என்று தோண்டிப் பார்த்தார்கள். என்சைம் பிடித்துக்கொண்டிருந்தது சர்க்கரைச் சங்கிலியை அல்ல, அந்தத் துணிச் சாயத்தை! பல என்சைம்களில் ஒரு குறிப்பிட்ட குழிவு இருக்கிறது. அந்தக் குழிவில் உட்காரும் இயற்கையான மூலக்கூறின் சாயல் இந்தச் சாயத்துக்கு இருந்திருக்கிறது. சாயல் இருந்ததால் சாயம் ஒட்டியது!

அதற்குப் பிறகு, ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிரித்தெடுக்கவும் இந்த நீலத்தைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். லுங்கிக்குப் போட வேண்டிய கலர், லேபரட்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

சித்தப்பாவுக்கு இதில் ரொம்பத் திருப்தி. “நம்ம சாயமா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

“சரி, அது தற்செயல். வேணும்கிற பொருளுக்குன்னு அளவெடுத்துத் தைக்க முடியுமா?” என்று கேட்டேன். நான் கேட்டதிலேயே அதுதான் உருப்படியான கேள்வி என்று நண்பன் பிறகு சொன்னான்.

முடியும். அதற்குச் சுவாமிமலை ஸ்தபதிகளின் வழி. மெழுகில் சிலை செய்து, சுற்றிலும் மண் பூசி, சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே சிலையின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மிச்சம். அந்த வெற்றிடத்தில் அந்தச் சிலை மட்டும்தான் கச்சிதமாகப் பொருந்தும். நடராஜர் குழியில் பிள்ளையாரை உட்கார வைக்க முடியாது.

இதையே மூலக்கூறு அளவில் செய்கிறார்கள். பிடிக்க வேண்டிய பொருளை நடுவில் வைத்து, சுற்றிலும் பாலிமர் ஆகக்கூடிய சின்னச் சின்னத் துண்டுகளைப் போடுகிறார்கள். துண்டுகள் தத்தம் குணத்துக்கேற்ப அந்தப் பொருளைச் சூழ்ந்து நிற்கும். அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாக்கி, பிறகு நடுவில் இருப்பதைக் கழுவி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது அச்சு. அதன் வழியாக ஆயிரம் பொருள் போனாலும் ‘நம்மாளு’ வந்தால் மட்டும் பிடித்து உட்கார வைத்துக்கொள்ளும். அக்கவுன்ட்ஸ்காரர்களுக்குச் சொல்வதென்றால், பேங்க் ரிகன்சிலியேஷன். ஆயிரம் என்ட்ரியில் தேதி, தொகை, செக் நம்பர் மூன்றும் பொருந்துகிற ஒன்றுக்கு மட்டும் டிக்.

இதிலும் சாயம் வருகிறது என்பதுதான் வேடிக்கை. 1949-ல் அமெரிக்காவின் கால்டெக்கில், லைனஸ் பாலிங்கின் மாணவர் ஃபிராங்க் டிக்கி, மெத்தில் ஆரஞ்சு என்ற சாயத்தைக் கலந்து சிலிக்கா ஜெல் செய்தார். பிறகு சாயத்தைக் கழுவி எடுத்துவிட்டார். அந்த ஜெல் மெத்தில் ஆரஞ்சை ஞாபகம் வைத்திருந்தது! அதன் ஒன்றுவிட்ட தம்பியான எத்தில் ஆரஞ்சையும் கூடவே விட்டால், மெத்திலைத்தான் அதிகமாகப் பிடித்தது. எத்திலை வைத்துச் செய்த ஜெல் எத்திலுக்கு விசுவாசம். இத்தனைக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரண்டு கார்பன் அணு.

பாலிங் அப்போது, நம் உடம்பின் ஆன்டிபாடிகளும் எதிரியைச் சுற்றி இப்படித்தான் வார்த்தெடுக்கப்படுகின்றன என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். உடம்பு அப்படிச் செய்வதில்லை என்று பிறகு தெரிந்தது. கொள்கை போய்விட்டது, செய்முறை பிழைத்துக்கொண்டது.

1972-ல் ஜெர்மனியில் குந்தர் உல்ஃப் இதைப் பாலிமரில் செய்தார். 1993-ல் ஸ்வீடனில் கிளாஸ் மோஸ்பாக்கின் குழு, ஆஸ்துமா மருந்து ஒன்றையும் தூக்க மருந்து வகையறா ஒன்றையும் பிடிக்கிற அச்சு பாலிமர்களைச் செய்து, ஆன்டிபாடி பார்க்கிற வேலையை இதுவும் பார்க்கும் என்று காட்டியது. நம் நாட்டில், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பீம் பாலி பிரசாத்தின் குழு, பென்சில் கரியின் மேலே இப்படிப்பட்ட பாலிமரைப் பூசிச் சென்சார்களே செய்திருக்கிறது. ஆம், நீங்கள் ஸ்கூலில் சீவிச் சீவி வீணாக்கிய அதே பென்சில்.

பாலிமர் உடம்புக்குள் போய்ப் பொருள் பிடிப்பதும் புதுசில்லை. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருக்கிறவர்கள் சாப்பாட்டோடு ‘செவலமர்’ என்று ஒரு மாத்திரை போடுவார்கள். அது ஒரு பாலிமர். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. ரத்தத்துக்குள் அது நுழைவதே இல்லை.

“ரத்தத்துக்குள்ளேயே அனுப்பினா?” என்றேன்.

“அங்கதான் தேனீ வருது” என்றான்.

* * *

தேனீயின் கொடுக்கில் இருக்கும் முக்கியமான விஷம் மெலிட்டின். 26 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிச் சங்கிலி. இதன் உடம்பில் சில இடம் எண்ணெய்ப் பிசுக்கு, சில இடம் பாசிட்டிவ் மின்சாரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கென்னத் ஷேயும், ஜப்பானைச் சேர்ந்த யு ஹோஷினோவும் இதற்கென்றே ஒரு துகளை வடிவமைத்தார்கள். பிசுக்கைப் பிடிக்கப் பிசுக்கான துண்டு, பாசிட்டிவைப் பிடிக்க நெகட்டிவ் துண்டு, நடுவில் மெலிட்டினையே வைத்து வார்த்த அச்சு. துகளின் அளவு சுமார் 50 நானோமீட்டர். அந்தத் தறியில் ஓடுகிற பருத்தியில் ஒரே ஒரு இழையை எடுத்து, அதன் அகலத்தில் இந்தத் துகள்களை வரிசையாக நிறுத்தினால் சுமார் 300 நிற்கும். தலைமுடியில் ஆயிரத்துக்கு மேல்.

முதலில் சோதனைக் குழாயில். 2010-ல் எலிகளில். எலிகளுக்கு மெலிட்டினை ஏற்றி, பிறகு ரத்தத்தில் இந்தத் துகளை ஏற்றினார்கள். துகள் விஷத்தைப் பிடித்தது. பிடித்ததைக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. துகள் ஏற்றிய எலிகளில் சாவு கணிசமாகக் குறைந்தது. ஓடும் ரத்தத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், தன் ஆளை அடையாளம் கண்டுபிடித்தது ஒரு பிளாஸ்டிக்!

இவ்வளவையும் நண்பன் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். மூலையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதுவரை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நண்பனுக்குத் தாத்தா முறை. ‘விஷம்’ என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். ராட்டையை நிறுத்தினார்.

“பாம்புக்கு இருக்குதா தம்பி?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் வேட்டியைக் கொஞ்சம் விலக்கினார். வலது கால், கணுக்காலுக்கு மேலே, ஒரு கையளவுக்குச் சதையே இல்லை. தோலும் எலும்பும் ஒட்டிப் பளபளவென்று ஒரு தழும்பு. பாதம் ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

ஒன்பது வருஷம் முன்னால், நிலக்கடலை அறுவடைக் காலம். விடியற்காலையில் கொல்லைப் பக்கம் போனவரை நல்ல பாம்பு கடித்திருக்கிறது. பையன்கள் பைக்கில் நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி மருந்து ஏறியது. உயிர் வந்துவிட்டது. கடித்த இடத்துச் சதை மட்டும் அழுகிப்போய், வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

“உசுரு கொடுத்தாங்க. டாக்டருங்கள கொறை சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா நான் குழித்தறிக்காரன் தம்பி. கால்ல மிதிச்சாத்தான் தறி. கால் போச்சு, தறி போச்சு. இப்ப தார் சுத்தறேன்.”

எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை.

* * *

விஷமுறிவு மருந்து எப்படி வருகிறது என்று தெரிந்தால், இந்தக் கால் ஏன் போனது என்று புரியும்.

மகாபலிபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் ஆரம்பித்தது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள் இருளர்கள். தோல் வியாபாரம் தடை செய்யப்பட்ட பிறகு, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில், விஷம் எடுக்கப் பாம்பு பிடிப்பவர்களானார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு. பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த விஷத்தை வாங்குகிற மருந்துக் கம்பெனிகள், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றும். குதிரையின் உடம்பு ஆன்டிபாடி செய்யும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால் மருந்து. 1890-களில் பிரான்ஸின் ஆல்பர்ட் கால்மெட் காட்டிய வழி. எத்தனையோ லட்சம் உயிர்களைக் காப்பாற்றிய வழி. இன்றைக்கும் பாம்பு கடித்தால் இதற்கு நிகர் வேறில்லை.

ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, குதிரைச் சரக்கு என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் இருந்துதான் ஏற்ற வேண்டும். இரண்டு, மருந்து ரத்தத்தின் வழியாகப் போகிறது. பாம்பின் பல் இறங்கிய இடத்தில், விஷம் சதையைத் தின்னத் தொடங்குவதோ நிமிஷக் கணக்கில். ஆஸ்பத்திரி போய், சீட்டு வாங்கி, ஊசி ஏறி, அந்த மருந்து அந்தச் சதைக்குள் போய்ச் சேர்வதற்குள் அங்கே வேலை முடிந்திருக்கும். உயிர் தப்பும், கால் தப்புவது நிச்சயமில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்குப் போட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000. இது செத்தவர்கள் கணக்கு. தார் சுற்றுகிறவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக் கடியை, உலகம் கண்டுகொள்ளாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சாவை 2030-க்குள் பாதியாக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. 2024-ல் மத்திய அரசும் அதே இலக்கோடு ஒரு செயல்திட்டம் போட்டது. அதே வருஷம் தமிழ்நாடு அரசு, பாம்புக் கடி என்று யார் வந்தாலும் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கியது. எண்ணினால்தானே எத்தனை என்று தெரியும்!

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பாம்புக்கு இருக்கிறதா?

2018-ல் அதே ஷேயின் குழு, கோஸ்டா ரிகாவின் பாம்பு விஷ நிபுணர் ஹோசே மரியா குட்டியரெஸுடன் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டது. இந்தத் தடவை ஒரே மூலக்கூறுக்கு அளவெடுத்துத் தைக்கவில்லை. நாக வகைப் பாம்புகளின் விஷத்தில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பச் சாடையைப் பிடிக்கிற மாதிரி பலவகைத் துண்டுகளைக் கலந்து கலந்து பார்த்து, ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் விஷம் துப்பும் நாகத்தின் விஷத்தை எலித் தோலில் ஏற்றி, அதே இடத்தில் துகளைச் செலுத்தியபோது, தோல் அழுகுவது குறைந்தது.

கவனியுங்கள்: கடித்த அதே இடத்தில். பெரியவரின் கணுக்கால் இருக்கும் இடத்தில்.

இதற்குக் குதிரை வேண்டாம். ரசாயனத் தொட்டியில் செய்யலாம். நினைத்தபடி நடந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கடிவாயில் போடுகிற முதல் ஊசியாக வரலாம். பெரிய மருந்து பின்னாலேயே வரும். ஆனால் அந்த ‘நடந்தால்’ என்ற வார்த்தைக்குக் கீழே அடிக்கோடு போடுங்கள். எலியிலிருந்து மனுஷனுக்கு வருகிற ரோடு, திருத்தணி ரோடு மாதிரி இல்லை. துகள் உடம்பில் எத்தனை நாள் தங்கும், கல்லீரல் என்ன சொல்லும், நம் ஊர் நல்ல பாம்பின் விஷத்தை எவ்வளவு பிடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் வருஷக்கணக்கில் சோதனை வேண்டும். இந்தப் பந்தயத்தில் பாலிமர் தனியாகவும் ஓடவில்லை. 2024-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிலையமும் சேர்ந்து, பலவகை நாகங்களின் நரம்பு விஷத்தைப் பிடிக்கும் ஒரு ஆன்டிபாடியைக் குதிரை இல்லாமலே உருவாக்கிக் காட்டின. 2025-ல் டேவிட் பேக்கரின் குழு கம்ப்யூட்டரிலேயே வடிவமைத்த புரதங்களை வைத்து எலிகளைக் காப்பாற்றியது. யார் முதலில் வந்தாலும் நமக்குச் சம்மதம்.

அதுவரைக்கும் நீங்களும் நானும் செய்யக்கூடியது இவ்வளவுதான். கடித்தால் கத்தியால் கீறாதே. வாயால் உறிஞ்சாதே. கயிற்றால் இறுக்கிக் கட்டாதே. மோதிரம், கொலுசு இருந்தால் கழற்று. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடு. பாம்பைப் பிடித்து டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்ற வீரம் வேண்டாம். டாக்டருக்கு உன்னைப் பார்த்தால் போதும்.

* * *

இவ்வளவையும் நண்பன் பெரியவருக்குப் பொறுமையாகச் சொன்னான். சித்தப்பா ஒரு தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். இந்த ஊரில் ஒருவர் பேச்சுக் கேட்பதற்காகத் தறியை நிறுத்துவது சாதாரண மரியாதை இல்லை, நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது.

பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு, “அந்த உருண்டை எதுல செய்யறாங்கன்ன?” என்றார்.

“பாலிமர் தாத்தா. பிளாஸ்டிக், பாலியஸ்டர் எல்லாம் இருக்குதில்ல, அந்த சாதி.”

அவர் சிரித்தார். பல் நாலைந்துதான் இருந்தது, அத்தனையும் தெரிந்தது.

“பாலியஸ்டர் வந்துதான் எங்க பருத்திப் பொழப்பு பாதி போச்சு. அத்தோட சாதிக்காரன் வந்து காலக் காப்பாத்தறான்னா... சரி, வரட்டும். பழைய பாக்கிய அப்படிக் கழிச்சுக்கலாம்.”

பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கில் திருத்த ஒன்றுமில்லை. சித்தப்பா ஸ்விட்சைத் தட்டினார். டக்கடி டக்கடி டக்கடி. பெரியவர் ராட்டையின் பக்கம் திரும்பி, அறுந்திருந்த நூலின் இரண்டு முனையையும் விரலால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார்.